வெலிச்கா எண்ணாத தலை

கன்ச்சோ மேடையில் பேசியதை எங்கள் ஊரே கேட்டுவிட்டது. கேட்காதவர் அவருடைய மனைவி வெலிச்கா அக்காதான்.

கன்ச்சோ நகராட்சியில் குடிநீர்க் குழாய் பழுது பார்ப்பவர். வீட்டில் அவருடைய மொத்தச் சொற்களஞ்சியம் "ம்", "இருக்கு", "வேணாம்" என்பவைதான். சூப்பில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டால் தண்ணீர்க் குவளையைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வார். அதுதான் பதில். அக்காவும் அதற்குப் பழகிப்போனவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே பேசிவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் மேடையும் அரங்கமும் உள்ள எங்கள் வாசகசாலையின் அடித்தளத்தில் குழாய் வெடித்தது. பழுது பார்க்கப் போன கன்ச்சோ, மேலே நாடக ஒத்திகை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாடகக் குழுவை நடத்துபவர் எங்கள் பல் டாக்டர். அன்றைக்கு ஒரு நடிகர் வரவில்லை. "அண்ணே, சும்மா இந்த வரிய மட்டும் படிங்க" என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார். கன்ச்சோ படித்தார். அந்த நடிகர் அதற்குப் பிறகு வரவே வேண்டியிருக்கவில்லை.

நாடகத்தை எழுதியதும் டாக்டர்தான். ரயிலே வராத ஒரு ரயில் நிலையம், அதில் நிலைய அதிகாரியாக கன்ச்சோ. உள்ளூரில் இரண்டு முறை போட்டார்கள். முதல் முறை, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கும் கோட்டு அறைக்காரிக்குக் காய்ச்சல் என்று, ஊர்க் கோட்டுகள் அத்தனையையும் வாங்கி ஆணியில் மாட்டியபடி அக்கா வெளியே நின்றார். சுவருக்கு அப்பால் சிரிப்பு மட்டும் கேட்டது. இரண்டாம் முறை, டிக்கெட் இல்லாமல் வந்த பக்கத்து ஊர்க்காரர்களோடு வாசலில் அக்காவுக்கு வழக்கு. வழக்கு தீர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கன்ச்சோவின் தொப்பி நுனிதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து பேருந்து நிலைய டிக்கெட் ஜன்னலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே பேச்சு. அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவர் அக்காதான்.

"உங்க வீட்டுக்காரர் என்னமா பேசறாரு, அக்கா!"

"என்ன பேசினாரு?"

"அத நீங்களே பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

நானும் பார்க்கவில்லை. மாவட்ட வாரப் பத்திரிகையில் வேலை. அந்த வாரங்களில் திராட்சை விவசாயிகளின் சாலை மறியலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். அதனால் பெலோத்ராப் ஊரின் நாடக விழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானும் வருவதாகச் சொன்னேன். விழாவோடு இந்த நாடகம் முடிந்தது, அடுத்து புது நாடகம் என்று டாக்டர் அறிவித்துவிட்டார். கன்ச்சோ பேசுவதைக் கேட்க வேண்டுமானால் அக்காவுக்கு இந்த ஒரு சனிக்கிழமைதான். நடுப்பகல் காட்சி.

அக்காவுக்குப் பயணம் ஏற்பாடு செய்வது புதிதல்ல. எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து வெந்நீர் ஊற்றுக்கோ மடாலயத்துக்கோ கடலுக்கோ போக வேண்டுமென்றால் முதலில் அக்காவிடம் சொல்வார்கள். பிறகுதான் வீட்டில் சொல்வார்கள். வேன் கிளம்புமுன் ஒரு செய்தித்தாளை உருட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் தோளிலும் தட்டி எண்ணுவார். அது எங்கள் பத்திரிகைதான், அதற்காவது பயன்படுகிறதே. எண்ணும்போது யாராவது அசைந்தால் தொலைந்தார்கள்.

"தலைய எண்றேன், தலைய ஆட்டாதீங்க! யாருக்கு வாந்தி வரும்னு இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் வெக்கப்பட்டுப் பிரயோஜனம் இல்ல!"

கடலுக்குப் போனால் கரையில் பைகளுக்குக் காவல். மடாலயத்துக்குப் போனால் மயங்கி விழுந்தவருக்கு விசிறல். எல்லோரையும் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போன அக்கா எதையும் முழுதாகப் பார்த்ததில்லை.

இந்த முறை திட்டமிடல் செவ்வாய்க்கிழமை அக்காவின் சமையலறையில் நடந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மெத்தோடி, வேன் ஓட்டும் டோஷோ, நான், இன்னும் சிலர். மேசை நிறைய சூரியகாந்தி விதைத் தோல்.

"எனக்கு ஜன்னல் பக்கம்" என்று தொடங்கினார் மெத்தோடி.

"உங்களுக்கு எந்தப் பக்கம் குடுத்தாலும் வாந்தி வரும், வாத்தியாரே. ஜன்னல் பக்கம் இருந்தா எதிர்ல வர்றவனுக்கும் சேர்த்து ஆபத்து."

"அது ஒரே ஒரு தடவ."

"ஒரே ஒரு தடவதான். ஆனா பட்டது பாதிரியார் கார் மேல."

கன்ச்சோ அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வர்றது உனக்கு இஷ்டம்தானே?" என்றார் அக்கா அவரைப் பார்த்து.

கன்ச்சோ குவளைக்குள் பார்த்தார். "வேணாம்" என்றார்.

"காபி வேணாமா, நான் வர வேணாமா?"

கன்ச்சோ எழுந்து குவளையைக் கழுவப் போனார். மெத்தோடி அவசரமாக விதை கொறித்தார். டோஷோவுக்கு இருமல் வந்தது. அக்கா அதைக் கவனித்தாரா தெரியவில்லை. புறப்படும் நேரம், நிற்கும் இடம், யார் பனிட்சா அடுக்கு ரொட்டி சுடுவது, யார் ஊறுகாய் கொண்டுவருவது என்று அடுத்தடுத்துப் போய்விட்டார்.

எல்லாம் முடிவானது. புதன்கிழமை டோஷோவின் மனைவி ரதோஸ்தினா டிக்கெட் ஜன்னலுக்கு வந்தபோது நான் அங்கே செய்தி தேடிக்கொண்டு நின்றிருந்தேன்.

"அக்கா, உங்க பெரிய பாத்திரத்த குடுங்க. சனிக்கிழமைக்குக் காஞ்ச குடமிளகாயில பீன்ஸ் அடைக்கணும்."

"சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"என்ன விசேஷமா? டோடர் நாள்!"

அக்கா டிக்கெட் கட்டைக் கீழே வைத்தார்.

டோஷோவின் ஞானஸ்நானப் பெயர் டோடர். புனித டோடரின் நாள்தான் அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் பெயர் நாள்; அது நோன்புக் காலத்தின் முதல் சனிக்கிழமை. ஈஸ்டர் நகர்ந்தால் அதுவும் நகரும். போன வருஷம் எப்போதோ வந்தது, இந்த வருஷம் இப்போது வருகிறது. அக்கா விழாத் தேதியைப் பார்த்தாரே தவிர அதைப் பார்க்கவில்லை. டோஷோவும் பார்க்கவில்லை. வீட்டில் ஜன்னல் திரைகளைத் துவைக்கத் தொடங்கினால்தான் தன் பெயர் நாள் வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

பெயர் நாளுக்கு எங்கள் ஊரில் யாரையும் அழைப்பதில்லை, அழைக்காமலே வருவார்கள். அதனால் வராதே என்று சொல்லவும் வழியில்லை. அழைக்காத ஆளை எப்படித் தடுப்பது? காலையிலிருந்து இரவு வரை மேசை நிறைந்திருக்க வேண்டும், பெயருக்கு உரியவன் அதன் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அவரு வேன் ஓட்டப் போயிட்டா நான் யாருக்கு விருந்து வெக்கிறது?" என்றார் ரதோஸ்தினா. "வந்தவங்க காலி நாற்காலியப் பாத்துட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க? டோஷோ பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு ஓடிட்டான்னு பேசுவாங்க. முதல்ல பேசப் போறது என் கூடப் பொறந்த அக்காதான்."

அக்கா வேறு வண்டி தேடினார். எங்கள் ஊரில் வேன் வைத்திருக்கும் இன்னொருவர் பெயரும் டோடர். மூன்றாமவர் போஷிதார், இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்று என்பதால் அவருக்கும் அதே நாள்தான். கன்ச்சோவும் நடிகர்களும் நகராட்சிச் சிற்றுந்தில் முதல் நாளே போகிறார்கள். அதில் ரயில் நிலைய பெஞ்சே இடத்தை அடைத்துக்கொள்கிறது.

அன்று மாலை அக்கா டோஷோவின் வீட்டுக்கே போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"பேர் நாள் ஆளுக்கா, வீட்டுக்கா?" என்று ரதோஸ்தினாவிடம் கேட்டார்.

"ஆளுக்குத்தான். அதுக்கென்ன?"

"அப்ப அவன் எங்க இருக்கானோ அங்கதான் விருந்து. பாதி விருந்தாளி எப்படியும் வேன்லதான் வரப்போறாங்க. பாதிச் சாப்பாட்ட வேன்ல ஏத்து. மீதிப் பேருக்கு மாமியார உக்கார வை. பொழுது சாயறதுக்குள்ள உன் புருஷன அவன் நாற்காலியில கொண்டாந்து உக்கார வெக்கிறது என் பொறுப்பு."

"பொழுது சாஞ்சா?"

"அடுத்த வருஷம் முழுக்க உன் ஜன்னல் திரைய நான் தொவைக்கிறேன்."

ரதோஸ்தினா யோசித்தார். "எட்டு ஜன்னல், அக்கா" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை வேனில் குடமிளகாய், பனிட்சா, குதிரை உருவத்தில் சுட்ட ரொட்டி எல்லாம் ஏறின. ராக்கியாவும் ஏறியது. ஏறிய ஒவ்வொருவரும் டோஷோவின் கன்னத்தில் முத்தமிட்டு, "உன் பேரு நீடூழி வாழட்டும்!" என்று சொல்லி, அவனுக்குப் பதிலாகத் தாங்களே ஒரு மிடறு குடித்தார்கள். ஓட்டுபவன் குடிக்கக் கூடாதே என்ற அக்கறைதான்.

"பத்திரிகை, நீ முன்னாடி உக்காரு" என்று என்னைத் தள்ளிவிட்டு, அக்கா பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். "தலைய எண்றேன், தலைய ஆட்டாதீங்க!" வேனில் பலருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. காலையிலேயே ராக்கியா வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ரவ்னிஷ்டே கிராமம் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அங்கே சாலையின் குறுக்கே கயிறு. டோடர் நாளில் குதிரைப் பந்தயம் நடக்காத கிராமம் எங்கள் பக்கம் குறைவு. இந்த ஊரில் பந்தயத் திடலுக்கும் சாலைக்கும் வித்தியாசமில்லை. இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டிய ஒருவர் கையை உயர்த்தினார்.

"பந்தயம் முடியற வரைக்கும் வழி இல்ல."

"அண்ணே, நாங்க நாடகத்துக்குப் போகணும்" என்றார் அக்கா.

"குதிரைக்கு அது தெரியுமா?"

இந்த இடத்தில்தான் மெத்தோடி வாத்தியார் உதவிக்கு வந்தார். ஜன்னல் பக்கம் அவருக்குத்தான் கிடைத்திருந்தது. தலையை வெளியே நீட்டி, பெருமையாகக் கத்தினார்: "யார நிறுத்துறீங்கன்னு தெரியுமா? எங்க டிரைவர் பேரே டோடர்!"

கச்சைக்காரர் முகம் மலர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏய், டோடர் வந்திருக்காரு! டோடர் நாளன்னிக்கு வெளியூர் டோடர்!"

அதற்குமேல் எங்கள் கையில் ஒன்றுமில்லை. நாலைந்து பேர் கதவைத் திறந்து டோஷோவை இறக்கினார்கள். தோளில் கம்பளம் போர்த்தினார்கள், தொப்பியில் காகிதப் பூ செருகினார்கள். ஜெயிக்கிற குதிரைக்கு அவன் கையால்தான் புதுக் கடிவாளம் மாட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை அவன் ஊரின் விருந்தாளி. வேன் சாவியும் அவன் சட்டைப்பையோடு போய்விட்டது. கடைசியாகப் பார்த்தபோது அவனை ஒரு வெள்ளைக் குதிரைமேல் ஏற்றியிருந்தார்கள். இரண்டு கைகளாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் பயமும் மகிழ்ச்சியும் பாதிப் பாதி.

"வாத்தியாரே" என்றார் அக்கா.

"நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார் மெத்தோடி.

இன்னும் மூன்று ஓட்டம் பாக்கி. எங்கள் ஆட்கள் இறங்கி, குடமிளகாய்ப் பாத்திரத்தைப் புல்லில் வைத்துப் பந்தயம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ரவ்னிஷ்டேக்காரர்கள் ஒயினோடு வந்து சேர்ந்தார்கள். அக்கா மட்டும் கயிற்றருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி கைக்கடிகாரம்.

"மறுபடியும் கோட்டு அறைதான், பத்திரிகை" என்றார். குரலில் அழுகை இல்லை. பேருந்து தாமதம் என்று அறிவிக்கிற குரல்தான். அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் குதிரை ஏற்றும் பெட்டி இணைத்த ஒரு டிரக் வயல் பாதைப் பக்கம் திரும்பியது. ஓட்டியவர் க்ரூம் என்ற பெரிய மீசைக்காரர். பெட்டிக்குள் இருந்த குதிரையின் பெயர் சூறாவளி. முதல் ஓட்டத்திலேயே சூறாவளி எதிர்த்திசையில் ஓடிப்போய் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் நின்றுவிட்டதாம். அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போகிறார். வீடு பெலோத்ராப்பில்.

"முன்னாடி ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. பேசாம வரணும். மனசு சரியில்ல" என்றார் க்ரூம்.

அக்கா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவர் செருப்பைக் கழற்றிப்போட்டு ஆடிக்கொண்டிருந்தார். மெத்தோடி ஒரு குதிரையின் பல்லைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"இவங்கள யாரு பாத்துக்கறது?"

"எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவங்க, அக்கா."

அக்கா நேராக மெத்தோடியிடம் போனார். கையிலிருந்த உருட்டிய பத்திரிகையை அவர் கையில் திணித்தார்.

"தலைய எண்ணிக்கோங்க, வாத்தியாரே. நான் போறேன்."

"எங்க போற?"

"நாடகத்துக்கு."

"நாம எல்லாருமே நாடகத்துக்குத்தானே வந்தோம்?"

"நீங்கல்லாம் குதிரைக்கு வந்தீங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வழி முழுவதும் அக்கா பேசவில்லை. பின்னால் சூறாவளிதான் அவ்வப்போது கனைத்தது.

பெலோத்ராப் வாசகசாலையில் நாடகம் தொடங்குவதற்கான மூன்றாவது மணியும் அடித்துவிட்டிருந்தது. முன்கூடத்தில் ஒரு இளைஞன் இரண்டு கை நிறையக் கோட்டுகளோடு தத்தளித்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் கண் பிரகாசித்தது.

"அம்மா, பாத்தா பொறுப்பானவங்களா தெரியறீங்க. கோட்டு அறை டோடொர்காவுக்கு இன்னிக்குப் பேர் நாள், வரல. ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கறீங்களா?"

அக்காவின் கைகள் தாமாகவே நீண்டதை நான் பார்த்தேன். பாதி வழியில் நின்றன. பிறகு தன் கோட்டைக் கழற்றி, அவன் சுமையின்மேல் வைத்தார்.

"இதையும் பாத்துக்கோ, தம்பி. காலர்ல குதிரை முடி இருக்கு, தட்டி மாட்டு."

முதல் வரிசையில் நடுவர்களுக்கு வைத்திருந்த இடத்தில் இரண்டு நாற்காலி காலி. உட்கார்ந்தோம். திரை விலகியது.

மேடையில் ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், நாலு பயணிகள். சிவப்புத் தொப்பியோடு நிலைய அதிகாரி வந்தார். கழுத்தில் மஃப்ளர், அதன் முனையை இடது கையால் இரண்டு முறை சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். கக்கத்திலிருந்து உருட்டிய செய்தித்தாளை உருவினார்.

"ஜன்னல் பக்கம் யாரு கேட்டது? ரயிலே இன்னும் வரல, அதுக்குள்ள ஜன்னல்! நீங்க, ஐயா, உங்க மூஞ்சியே பச்சையா இருக்கு. யாருக்கு வாந்தி வரும்னு இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் வெக்கப்பட்டுப் பிரயோஜனம் இல்ல!"

அரங்கம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. டிக்கெட் ஜன்னலில் வாய் பொத்திக்கொண்டவர்கள், டோஷோவின் இருமல், காலையில் வேனில் அடங்காத சிரிப்பு, அந்த "வேணாம்" எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. கன்ச்சோ பேசிக்கொண்டே போனார். மூச்சு விடுகிற இடம், கோபம் தொடங்கி நடுவில் பனிட்சாவுக்குத் தாவுகிற விதம், ஒருவரைத் திட்டியபடியே அவர் மஃப்ளரைச் சரிசெய்கிற கை, எல்லாமே அக்கா. பெலோத்ராப்காரர்களுக்கு அக்காவைத் தெரியாது. அப்படியும் தங்கள் வீட்டில் ஒருவரைப் பார்த்தது போல விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அவர் பயணிகளை எண்ணுவதற்காக மேடை ஓரத்துக்கு வந்தார். செய்தித்தாளை உயர்த்தினார். முதல் வரிசையைப் பார்த்தார்.

நின்றுவிட்டார்.

கை மேலேயே இருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து டாக்டர் கிசுகிசுப்பது எனக்கே கேட்டது, கன்ச்சோவுக்குக் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சமையலறை அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கன்ச்சோவாக அவர் மாறிக்கொண்டே வந்தார். இன்னும் ஒரு நொடி போனால் "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார் என்று தோன்றியது.

அக்கா எழுந்தார். பேருந்து நிலையமே கேட்கிற குரலில் சொன்னார்:

"தலைய எண்றேன்..."

கன்ச்சோவின் கண் அசைந்தது.

"தலைய எண்றேன்னு சொல்றேன்ல!" என்றார் அக்கா.

"...தலைய ஆட்டாதீங்க!" என்று முடித்தார் கன்ச்சோ. செய்தித்தாள் பெஞ்சில் படாரென்று இறங்கியது. அரங்கம் அதிர்ந்தது. நாடகத்தில் இதுவும் ஒரு ஏற்பாடு என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்காலில் அடித்துச் சிரித்தார். திரை விழும்வரை சிரித்தார். நடுவில் ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அவ்வளவு வேகமா பேசமாட்டேன்" என்று என் காதில் சொன்னார்; மிக வேகமாக.

காட்சி முடிந்து முன்கூடத்தில் கன்ச்சோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் பத்தடி தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"ஜன்னல் பக்கத்தப் பத்தி நான் அப்படிச் சொன்னதே இல்ல" என்றார் அக்கா.

"ம்."

"சொன்னேனா?"

"செவ்வாக்கிழமை."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மஃப்ளர் தன்னுடையதுதான் என்பதை அப்போதுதான் கவனித்தார். அதை அவிழ்த்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"ரெண்டு வாரமா இதத் தேடறேன். அடுத்த நாடகத்துல வேணும்னா கேட்டு வாங்கிக்கோ. அப்புறம், கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி பேசு. இப்ப பாதிதான் போய்ச் சேந்துருக்கும்."

அந்த நேரத்தில் எங்கள் வேன் வந்து சேர்ந்தது. முதலில் இறங்கியவர் மெத்தோடி. முகம் பச்சையாக இருந்தது. தொப்பியில் காகிதப் பூவோடு டோஷோ காலை அகட்டி வைத்து நடந்து வந்தான். அவர்களில் யாருக்கும் அன்றைய நாடகம் கிடைக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு, அக்கா?" என்றான், கன்ச்சோவைப் பார்க்காமல்.

"அத நீயே பாக்கணும்" என்றார் அக்கா. "ஏறு, ஏறு. பொழுது சாயுது. எட்டு ஜன்னல் என்னால தொவைக்க முடியாது."

எல்லோரும் அடித்துப்பிடித்து ஏறினோம். அக்கா கையை நீட்டினார். மெத்தோடி பத்திரிகையைத் தந்தார். குதிரை ஒன்று அதன் ஒரு மூலையைத் தின்றிருந்தது. பின்னாலிருந்து தோள் தோளாகத் தட்டிக்கொண்டு வந்தவர், டோஷோவின் இருக்கை அருகே நின்றார். முகத்தைச் சுளித்தார். திரும்பிப் போய் மறுபடி எண்ணினார்.

"ஒரு தலை கூடுதே. யாரு அது? ரவ்னிஷ்டேலேர்ந்து யாரையாவது ஏத்திட்டு வந்தீங்களா, வாத்தியாரே?"

கடைசி இருக்கையில், குடமிளகாய்ப் பாத்திரத்துக்குப் பின்னால் முகம் தெரியாமல் குனிந்திருந்த ஒருவரின் கை உயர்ந்தது. நடிகர்களின் சிற்றுந்து முன்னாலேயே போய்விட்டிருந்தது.

"நான்தான்" என்றார் கன்ச்சோ. "எனக்கு வாந்தி வராது. இப்பவே சொல்லிட்டேன்."